நாலு உருளைக்கிழங்குக்கு ஒரு ஸ்டாம்ப்

ஒரு பென்னி ஸ்டாம்ப் வேண்டுமா? நாலு உருளைக்கிழங்கு எடுத்து வையுங்கள்.

ஜோக் இல்லை. 1946-ல் ஒரு தீவுக்காகத் தயாரித்த மாதிரித் தபால்தலையில் இப்படித்தான் விலை போட்டிருந்தார்கள். ஒரு பென்னி என்றால் நான்கு உருளைக்கிழங்கு. அந்தத் தீவில் சில்லறை என்று சட்டைப் பையில் எதுவும் கிடையாது. சட்டைப் பையில் போட முடியாத ஒன்றுதான் அங்கே சில்லறை. அதனால் அப்படி.

பிரிட்டிஷ் அரசாங்கம் அந்த ஸ்டாம்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னே? அவ்வளவு பெரிய சாம்ராஜ்ஜியம் உருளைக்கிழங்கை கரன்ஸியாக ஒப்புக்கொண்டுவிடுமா? ஆறு வருஷம் கழித்து, 1952 ஜனவரி 1-ல், பக்கத்துத் தீவான செயின்ட் ஹெலினாவின் ஸ்டாம்ப்புகளின் மேலேயே இந்தத் தீவின் பெயரை அச்சடித்துக் கொடுத்தார்கள்.

பக்கத்துத் தீவு என்று சொன்னேன் இல்லையா? அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் தெரியுமா? 2,400 கிலோமீட்டருக்கும் மேல்!

டிரிஸ்டன் ட குன்யா. இதுதான் தீவின் பெயர். தென் அட்லாண்டிக் கடலில் ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே, தேசப்படத்தில் பேனா முனை தவறிப் பட்ட புள்ளி மாதிரி இருக்கும். பெரிய ஊர் என்றால் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்தான். அது 2,800 கிலோமீட்டர் தள்ளி. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு ஒரு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அந்த தூரம் வரும். அவ்வளவும் தண்ணீர். நடுவே ஒரு டீக்கடை கூடக் கிடையாது.

விமானநிலையம் இல்லை. கப்பலில்தான் போகவேண்டும். நல்ல நாளிலேயே ஒரு வாரம் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் கடல் அமைதியாக இருந்தால்தான் இறங்க முடியும். இல்லாவிட்டால் ஊரைப் பார்த்துக்கொண்டே கப்பலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தீவின் மொத்தப் பரப்பு 98 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதியை 2,062 மீட்டர் உயரமுள்ள ஓர் எரிமலையே எடுத்துக்கொண்டுவிட்டது. வடமேற்கு ஓரத்தில் கொஞ்சூண்டு சமதளம். அங்கே ஒரே ஓர் ஊர். பெயர் என்னவோ பிரமாதம்: ஏழு கடல்களின் எடின்பரோ. 1867-ல் விக்டோரியா மகாராணியின் மகன் எடின்பரோ பிரபு வந்து போன ஞாபகத்துக்காக வைத்தது. இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் 250 பேருக்கும் குறைவு. நம் ஊரில் ஒரு சுமாரான அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

இருநூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரு சரித்திரமா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. அது ஒரு பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் ஆரம்பிக்கிறது.

*

தீவைக் கண்டுபிடித்தது 1506-ல், டிரிஸ்டாவ் ட குன்யா என்கிற போர்ச்சுக்கீசியத் தளபதி. தூரத்திலிருந்து பார்த்தார். இறங்க முடியவில்லை. தன் பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு முந்நூறு வருஷம் அங்கே யாரும் குடியேறவில்லை.

1810-ன் கடைசியில் அமெரிக்காவின் சேலம் நகரத்திலிருந்து ஓர் ஆசாமி வந்து இறங்கினார். (நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸில் இருக்கிற சேலம்.) ஜோனதன் லாம்பர்ட் என்று பெயர். வந்தவர் சும்மா இருக்கவில்லை. இந்தத் தீவுகள் அத்தனையும் எனக்கே சொந்தம் என்று பிரகடனம் செய்தார். கூட இருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். 1812-லேயே மன்னர் கடலில் மூழ்கிப் போனார். மிஞ்சியவர் தாமஸ் கரி என்கிற இத்தாலிக்காரர் ஒருவர்தான். தீவில் எங்கேயோ அவர் புதையல் புதைத்து வைத்திருந்ததாக ஒரு கதை உண்டு. குடித்தால் அதைப் பற்றிப் பேசுவாராம். எங்கே என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லையாம்.

பிறகு வந்தது நெப்போலியன் விவகாரம்.

1815-ல் வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியனைக் கொண்டுபோய் செயின்ட் ஹெலினாவில் வைத்தார்கள் அல்லவா? பிரிட்டிஷாருக்கு அப்புறமும் தூக்கமில்லை. யாராவது டிரிஸ்டனில் வந்து உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து கிளம்பிப்போய் ஆளை மீட்டுவிட்டால்? இடையில் இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் கடல். இருந்தாலும் பயம் பயம்தானே? 1816-ல் ஒரு படைப்பிரிவை அனுப்பித் தீவைத் தன் வசப்படுத்திக்கொண்டது பிரிட்டன்.

அடுத்த வருஷமே இது வீண் செலவு என்று புரிந்துவிட்டது. மூட்டை கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. எல்லோரும் கட்டினார்கள். ஒருவர் மட்டும், நான் இங்கேயே இருந்துவிடுகிறேனே என்றார். வில்லியம் கிளாஸ். ஸ்காட்லாந்துக்காரர், பீரங்கிப் படையில் கார்ப்பொரல். அவர் மனைவி மரியா, கேப் பகுதிப் பெண். கையில் சின்னக் குழந்தைகள். கூடவே சாமுவேல் பர்னல், ஜான் நான்கிவல் என்று இரண்டு கொத்தனார்களும் தங்கிக்கொண்டார்கள்.

இந்த மூன்று ஆண்களும் 1817 நவம்பர் 7-ம் தேதி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

பி.காம். படித்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நானும் அந்த ஜாதிதான். பார்ட்னர்ஷிப் சட்டம் என்று ஒரு பேப்பர் படித்துத் தொலைத்திருப்போமே, ஞாபகம் இருக்கிறதா? இந்தியாவின் 1932-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு வரி வரும். கூட்டாளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் லாபம் எல்லோருக்கும் சமம். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாலேயே, அட்லாண்டிக் நடுவில் ஒரு கார்ப்பொரலும் இரண்டு கொத்தனாரும் அதையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

என்ன எழுதினார்கள்? ஆடு மாடு, சாமான் செட்டு எல்லாம் மூவருக்கும் சமம். லாபம் சமம். வாங்குகிற பொருளுக்குக் கொடுக்கிற காசும் சமம். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒழிய, ஆளுக்கு ஒரு பங்கு வேலை செய்தே தீரவேண்டும். அப்புறம் வருவதுதான் முக்கியமான ஷரத்து. நம் கம்பெனியில் ஒற்றுமை நிலைக்க வேண்டுமானால், யாரும் மற்றவரைவிடத் தான் உசத்தி என்று காட்டிக்கொள்ளக் கூடாது. எல்லோரும் எல்லா விதத்திலும் சமம்.

கவனியுங்கள். எழுதியவர் ராணுவத்துக்காரர். முந்தைய மாதம் வரை மேலே இருப்பவனுக்கு சல்யூட், கீழே இருப்பவனுக்கு அதட்டல் என்று வாழ்ந்தவர். அவர்தான் இங்கே மேலும் வேண்டாம் கீழும் வேண்டாம் என்று எழுதினார். இன்னொன்றையும் கவனித்துவிட வேண்டும். அந்தக் காகிதத்தில் மூன்று ஆண்களின் கையெழுத்துதான் இருக்கிறது. கையில் குழந்தைகளோடு அதே வீட்டில் இருந்த மரியாவின் கையெழுத்து இல்லை. சமம் என்கிற சொல்லுக்கும் அந்தக் காலத்தில் ஓர் எல்லை இருந்தது.

*

கொத்தனார்கள் இருவரும் பிற்பாடு கிளம்பிவிட்டார்கள். கிளாஸ் தம்பதி அசையவில்லை. பதினாறு குழந்தைகள் பெற்றார்கள். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்கள், கடல் வாழ்க்கை சலித்துப் போனவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

வந்து மாட்டிக்கொண்டவர்களில் நமக்கும் சம்பந்தமுள்ள ஒருவர் உண்டு. அகஸ்டஸ் ஏர்ல் என்கிற ஆங்கில ஓவியர். 1824-ல் கப்பலில் போகிற வழியில், நாலு படம் வரையலாமே என்று தன் நாயோடு தீவில் இறங்கினார். காற்று வலுத்தது. கப்பல் அவரை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. எட்டு மாதம் அங்கேயே இருந்தார். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். காகிதம் இருந்தவரை வரைந்தார். அடுத்து வந்த கப்பலில் ஏறி ஆஸ்திரேலியா போனவர், சில வருஷம் கழித்து நம் மெட்ராஸுக்கு வந்து படம் வரைந்து நன்றாகவே சம்பாதித்தார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் பாண்டிச்சேரி போய், அங்கிருந்து கப்பலேறினார். அப்புறம் டார்வின் போன பீகிள் கப்பலுக்கே ஓவியராகப் போனவரும் இவர்தான். டிரிஸ்டனின் அந்தக் கால வாழ்க்கை எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதில் பாதி இந்த மனிதரின் புண்ணியம்.

1827-ல் தீவில் ஒரு சிக்கல். பிரம்மச்சாரிகள் ஐந்து பேர் ஆகிவிட்டார்கள். பெண் இல்லை. செயின்ட் ஹெலினாவுக்குப் போகிற ஒரு கப்பல் கேப்டனிடம் விண்ணப்பம் போட்டார்கள். ஐயா, எங்களுக்குப் பெண் பார்த்துக்கொண்டு வாருங்கள். தரகுக் கூலி? வேறென்ன, உருளைக்கிழங்கு மூட்டைதான் என்று ஒரு கதை. கேப்டன் நிஜமாகவே ஐந்து பெண்களை அழைத்துக்கொண்டு வந்து இறக்கினார். ஜாதகம் பார்க்கவில்லை, பஜ்ஜி சொஜ்ஜி இல்லை. குடும்பங்கள் உருவாகிவிட்டன.

இன்றைக்கும் தீவில் பெரும்பாலும் ஏழே குடும்பப் பெயர்கள்தான். கிளாஸ், ஸ்வெய்ன், கிரீன், ராஜர்ஸ், ஹேகன், ரெப்பெட்டோ, லவரெல்லோ. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, ஹாலந்து, அமெரிக்கா, இத்தாலி. ஒரு சின்ன ஐ.நா. சபையே அதற்குள் இருக்கிறது. கிரீன் என்பவர் 1836-ல் கப்பல் உடைந்து வந்த டச்சுக்காரர். க்ரூன் என்பதை கிரீன் ஆக்கிக்கொண்டார். கடைசி இரண்டு பேரும் 1892-ல் கப்பல் உடைந்து வந்த இத்தாலிய மாலுமிகள். கமோலி என்கிற கடலோர ஊர்க்காரர்கள். 2017-ல் தீவில் திறந்த புது ஆஸ்பத்திரிக்கு என்ன பெயர் தெரியுமா? கமோலி!

*

சரி, சாப்பாட்டுக்கு வழி? வியாபாரம்தான்.

பாய்மரக் கப்பல் காலத்தில் காற்றின் போக்கில் போகிறவர்களுக்கு டிரிஸ்டன் ஒரு ஹைவே ஹோட்டல் மாதிரி. திமிங்கல வேட்டைக் கப்பல்கள் நிறைய வரும். நல்ல தண்ணீர், இறைச்சி, உருளைக்கிழங்கு கொடுப்பார்கள். பதிலுக்கு மாவு, டீ, துணி, ஆணி வாங்கிக்கொள்வார்கள். பணம் என்ற பேச்சே இல்லை.

பிறகு நேரம் மாறியது. திமிங்கல வேட்டை படுத்தது. நீராவிக் கப்பல்கள் வந்தன. காற்றை நம்பி அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போகவேண்டிய அவசியம் இல்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நம் ஊரிலிருந்து லண்டனுக்குக் குறுக்கு வழி கிடைத்ததென்று உலகமே கொண்டாடியது. பைபாஸ் ரோடு போட்டதும் பழைய சாலை ஓரத்துக் கடைகள் என்ன ஆகும்? அதேதான் டிரிஸ்டனுக்கும் ஆனது.

அதற்கு முன்பே ஆட்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்திருந்தார்கள். 1853-ல் கிளாஸ் இறந்தார். அடுத்த சில வருஷங்களில் அவர் குடும்பத்திலேயே பலர் அமெரிக்கா போய்விட்டார்கள். 1857-ல் இன்னொரு கூட்டம் கேப்புக்குப் போனது. மிஞ்சியவர்கள் வெறும் 28 பேர்.

அப்புறம் 1885 நவம்பர் 28.

தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. தீவில் மளிகை தீர்ந்துகொண்டிருந்த சமயம். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது வருமோ? கடல் கொந்தளிப்பாக இருந்தது. இருந்தாலும் 15 ஆண்கள் படகை இறக்கினார்கள். துடுப்பு போட்டுக்கொண்டு போனார்கள்.

ஒருவரும் திரும்பவில்லை.

இருப்பதே சுமார் நூறு பேர் உள்ள ஊர். அதில் உழைக்கிற வயதில் இருந்த ஆண்கள் 15 பேர் ஒரே நாளில் இல்லை. கிட்டத்தட்ட வீட்டுக்கு ஒரு விதவை. மளிகைக் கடைக்குப் போவது என்பது நமக்கெல்லாம் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போகிற வேலை. அவர்களுக்கு அது உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஒரே ஒரு யோசனைதான் தோன்றியது. எதற்கு இந்தக் கஷ்டம்? காலி பண்ணிக்கொண்டு வந்துவிடுங்களேன். சிலர் கிளம்பினார்கள். 1904-ல் மறுபடி கப்பல் அனுப்பிக் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள்.

முதல் உலகப்போர் முடிந்தது 1918 நவம்பரில். அந்தச் செய்தி அதிகாரபூர்வமாக இந்தத் தீவுக்கு வந்தது 1919-ல், யார்மவுத் என்கிற போர்க்கப்பலில். அத்தனை மாதமும் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

*

பணம் அந்தத் தீவுக்குள் நுழைந்த கதை தனி.

1942-ல், இரண்டாம் உலகப்போருக்கு நடுவே, பிரிட்டிஷ் கடற்படை அங்கே ஒரு வானிலை மற்றும் ரேடியோ நிலையம் அமைத்தது. ரகசிய நிலையம். கட்ட ஆள் வேண்டும், சமைக்க ஆள் வேண்டும். கூலி கொடுத்தார்கள். கூலியைச் செலவழிக்க ஒரு கடை திறந்தார்கள். போர் முடிந்து சில வருஷத்தில் ஒரு கம்பெனி வந்தது. தீவைச் சுற்றியுள்ள கடலில் கிடைக்கிற சிங்கி இறால் உலகத்தரம். பிடிக்க, டின்னில் அடைக்க என்று வேலை. வாரா வாரம் சம்பளம்.

காசு வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஒருவன் வீடு பெரிதாகும். அடுத்தவன் மாடு கூடும். மூன்றாமவன் முதலிருவரிடமும் வேலைக்கு நிற்பான். 1817-ன் ஒப்பந்தம் அவ்வளவுதான் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அப்படி ஆகிவிட்டதா என்று சோதித்துப் பார்க்க எரிமலையே முன்வந்தது!

1961 ஆகஸ்டில் நிலம் ஆடத் தொடங்கியது. பாத்திரம் குலுங்கியது, சுவர் விரிந்தது, மலையிலிருந்து பாறை உருண்டது. அக்டோபரில் ஊருக்குப் பக்கத்திலேயே தரை பிளந்து மேலே எழும்ப ஆரம்பித்தது. 10-ம் தேதி ஊரே கிளம்பியது. 264 தீவுவாசிகள். அன்றிரவு உருளைக்கிழங்குத் தோட்டத்துக் குடிசைகளில் தங்கினார்கள். மறுநாள் மீன்பிடிக் கப்பல்களில் ஏறிப் பக்கத்து நைட்டிங்கேல் தீவு. அங்கிருந்து ஒரு டச்சுக் கப்பலில் கேப் டவுன். அங்கிருந்து இங்கிலாந்து. நவம்பர் 3-ம் தேதி சவுத்தாம்ப்டனில் இறங்கினார்கள். சாகாமல் ஒட்டுமொத்த ஊரும் வந்து சேர்ந்தது பெரிய விஷயம்.

இங்கிலாந்து அவர்களை நன்றாகவே வரவேற்றது. முதலில் ஒரு ராணுவ முகாம். பிறகு கால்ஷாட் என்கிற இடத்தில், விமானப்படையின் பழைய குடியிருப்பு. வீடு கொடுத்தார்கள், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை கொடுத்தார்கள். பள்ளிக்கூடம், டி.வி., சினிமா, பஸ். பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். டாக்டர்கள் ரத்தம் எடுத்துத் தள்ளினார்கள். இருநூறு பேர் தங்களுக்குள்ளேயே மணந்து வாழ்ந்த கூட்டம் அல்லவா? ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல கூட்டம் கிடைக்குமா?

கிருமிகளும் வரவேற்றன. ஜலதோஷம் கூட எப்போதாவது கப்பலில் வந்தால்தான் உண்டு என்று வாழ்ந்தவர்கள். முதல் குளிர்காலத்திலேயே வயதானவர்கள் சிலர் இறந்துபோனார்கள். கதவைப் பூட்டத் தெரியாதவர்கள் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஒருவர் சொல்ல மற்றவர் செய்கிற வாழ்க்கை. தீவில் சங்கை ஊதியதும் ஓடவேண்டிய கட்டாயமில்லை. இங்கே மேஸ்திரி இருக்கிறார், கடிகாரம் இருக்கிறது.

திரும்பப் போகிறோம் என்றார்கள். அதிகாரிகளுக்கு நம்பிக்கை இல்லை. கரண்ட்டும் டி.வி.யும் பார்த்தவன் எதற்கு எரிமலைக்குப் போவான்? 1962-ல் ஆராய்ச்சியாளர்கள் குழு ஒன்று தீவுக்குப் போய்ப் பார்த்தது. லாவா ஊரை விழுங்கவில்லை. ஓரமாக இறங்கி, டின் தொழிற்சாலையையும் படகு இறக்குகிற கரையையும் மூடிவிட்டுக் கடலுக்குள் போயிருந்தது. வீடுகள் பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தன. தீவு ஆட்கள் 12 பேர் முன்னதாகப் போய்ப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த டிசம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். திரும்பவேண்டும் என்று 148 பேர். வேண்டாம் என்று 5 பேர்.

ஐந்தே பேர்! ராஜ்ஜியத்தின் செழிப்பைக் காட்டி ஒரு வருஷம் வைத்திருந்து, கடைசியில் கிடைத்த ஆதரவு ஐந்து ஓட்டு. 1963-ல் இரண்டு தவணைகளாகத் திரும்பினார்கள். கடைசிக் கூட்டம் நவம்பர் மாதம் போய் இறங்கியது.

எல்லோருக்கும் அது சுகமாக முடிந்துவிட்டது என்று எழுதினால் பொய். 1966-ல் முப்பத்துச் சொச்சம் பேர் மறுபடியும் இங்கிலாந்து போனார்கள். இங்கிலாந்தின் ருசி அவர்களை விடவில்லை. ஆனால் அவர்களிலும் பலர் கொஞ்ச நாளில் மீண்டும் தீவுக்கே வந்துவிட்டார்கள். லாவாவின் மேலேயே ஒரு புதுத் துறைமுகம் கட்டினார்கள். அதற்கு வைத்த பெயர், கால்ஷாட். இங்கிலாந்தை வேண்டாம் என்றார்கள். அங்கே இடம் கொடுத்தவர்களை மறக்கவில்லை.

*

இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள்?

விடிகாலையில் கடல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். சாதகமாக இருந்தால் மணி அடிப்பார்கள். அன்று மீன்பிடி நாள். மற்ற வேலையெல்லாம் அப்புறம். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் கூடப் படகுக்கும் தொழிற்சாலைக்கும் போவார்கள். இறால் ஏற்றுமதிதான் முக்கிய வருமானம். அடுத்து ஸ்டாம்ப். ஆமாம், அதே ஸ்டாம்ப். உலகம் முழுக்க சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள்.

ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் உருளைக்கிழங்குத் தோட்டங்கள். கல் சுவர் வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்தவை. இன்றும் ஒவ்வொரு குடும்பமும் தானே விதைத்துத் தானே அறுக்கிறது.

வருஷத்துக்கு ஒரு நாள் எலி வேட்டை. 1882-ல் உடைந்த ஒரு கப்பலிலிருந்து நீந்தி வந்த எலிகளின் வம்சம் தோட்டத்தைப் பாழாக்குகிறது. அதற்காக ஊரே கோஷ்டி பிரித்துக்கொண்டு கிளம்பும். யார் அதிக வால் கொண்டுவந்தார்கள், யாருடைய வால் நீளம் என்று போட்டி, பரிசு. டிசம்பரில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற நாள், அது ஒரு திருவிழா. டிசம்பர் 31 ராத்திரி, இளவட்டங்கள் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பயமுறுத்துவார்கள். யார் எந்த முகமூடிக்குள் என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. இருநூறு பேருக்குள் எவ்வளவு நேரம் ஒளிந்துவிட முடியும் சொல்லுங்கள்.

கஷ்டகாலம் வந்தாலும் கூட்டாகத்தான். 2001 மே மாதம் ஒரு புயல் கூரைகளைப் பிய்த்தது. 2008 பிப்ரவரியில் தொழிற்சாலையும் ஜெனரேட்டர்களும் எரிந்தன. 2011 மார்ச்சில், பிரேசிலிலிருந்து சோயா ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போன ஒரு சரக்குக் கப்பல் நைட்டிங்கேல் தீவில் முட்டி உடைந்தது. 22 மாலுமிகளையும் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் எண்ணெய் கொட்டிப் பென்குயின்கள் கறுத்துப் போயின. ஊரே திரண்டது. சுமார் 3,700 பென்குயின்களைக் கொண்டுவந்து கழுவினார்கள், மீன் ஊட்டினார்கள். ஊர் நீச்சல் குளத்தைப் பென்குயின்களுக்கு விட்டார்கள். பிழைத்துக் கடலுக்குத் திரும்பியவை 400 கூட இல்லை. பத்தில் ஒன்று. அதற்காகக் கழுவாமல் இருக்க முடியுமா?

சரி, 1817 பத்திரம் என்ன ஆனது?

நிலம் இன்றும் பொதுச் சொத்து. தனியாருக்கு விற்பனை இல்லை. ஒரு குடும்பம் இத்தனை மாடு, இத்தனை ஆடுதான் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு உண்டு. மேய்ச்சல் நிலம் கெட்டுவிடக் கூடாது என்பது ஒரு காரணம். ஒருவர் மட்டும் பெரிய பணக்காரராகிவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். ஊர்க் கவுன்சிலுக்கு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதிலே ஒரு பெண்ணாவது இருந்தே ஆகவேண்டும். மரியாவுக்குக் கிடைக்காத கையெழுத்து, காலம் கடந்து அப்படிக் கிடைத்தது.

இதற்கெல்லாம் ஒரு விலையும் இருக்கிறது. வெளி ஆள் அங்கே போய்க் குடியேற முடியாது. சமத்துவம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான். பெரிய வியாதி வந்தால் கப்பலுக்குக் காத்திருந்து கேப் டவுன் போகவேண்டும். ஆஸ்துமா அங்கே பரம்பரைச் சொத்து. மேற்படிப்புக்கு வெளியே போன பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்பது ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கேள்வி. ஊருக்கு வயதாகிக்கொண்டே போகிறது. எரிமலை செய்யாததைத் தொட்டில்கள் குறைவது செய்துவிடுமோ என்கிற கவலை நிஜமானது.

ஆனாலும் அவர்கள் சுருங்கிக்கொள்ளவில்லை. 2020 நவம்பரில் தங்களைச் சுற்றியுள்ள கடலில் கிட்டத்தட்ட 7 லட்சம் சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். அதன் பெரும்பகுதியில் யாரும் வணிகத்துக்கு மீன்பிடிக்கக் கூடாது. வயிற்றுப்பாட்டுக்கு மீனையே நம்பியிருக்கிற, 250 பேருக்குள் அடங்கிய ஒரு கிராமம் எடுத்த முடிவு இது.

கிளாஸும் கொத்தனார்களும் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை உங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்கில், பார்க்கிங் யாருக்கு, தண்ணீர் லாரிக்கு யார் எவ்வளவு என்று சண்டை வரும்போது அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் கையெழுத்து வாங்குவது சுலபம். இருநூறு வருஷம் அதை மதிக்கிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.